மேல்ரூம் கொடுத்து வாங்கிய பட்டம்

மாட்டுங்காவில் அம்மா சமையல் செய்யும் வீட்டு மாமா சொன்ன ஒரே ஒரு வாக்கியத்துக்குப் பதில் சொல்லத்தான் நான் இஞ்சினீயரிங் படித்தேன். வேறு காரணம் எதுவும் கிடையாது. ஏன் இந்தப் படிப்பு என்று இண்டர்வியூவில் கேட்டவர்களிடமெல்லாம், சின்ன வயதிலிருந்தே கம்ப்யூட்டர் மேல் ஆசை என்று சொல்லியிருக்கிறேன். எங்கள் வீட்டில் அப்போது கம்ப்யூட்டரே கிடையாது.

பன்னிரண்டாவது முடித்த வருஷம் அது. மார்க் நன்றாகவே வந்திருந்தது. ஆனால் நுழைவுத் தேர்வில் வாங்கியதை வைத்துக்கொண்டு அரசாங்க இஞ்சினீயரிங் கல்லூரி வாசலைக்கூட மிதிக்க முடியாது. மாட்டுங்காவிலேயே ஒரு பழைய கல்லூரியில் பி.காம் இடம் கிடைக்கும் நிலை. வீட்டிலிருந்து நடந்தே போகலாம், கட்டணம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. இன்னொரு பக்கம், பன்வெலைத் தாண்டி ஒரு சின்னத் தனியார் பல்கலைக்கழகம். அதன் ஆட்கள் செம்பூர் ஸ்டேஷன் பக்கத்தில் ஏசி போட்ட ஆபீஸ் வைத்திருந்தார்கள். உள்ளே வருகிற எல்லோருக்கும் குளிர்ந்த தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள். கோட் போட்ட ஒரு பையன் என் மார்க்கைப் பார்த்துவிட்டு எனக்கு ஸ்காலர்ஷிப் உண்டு என்றான். ஞாயிற்றுக்கிழமைக்குள் பணம் கட்டினால்தான் உண்டு என்பதை எழுந்து வரும்போது சொன்னான். ஸ்காலர்ஷிப் போக மீதி இருந்த தொகையைக் கேட்டு அப்பா அந்தத் தண்ணீர் பாட்டிலை மூடியே வைத்துவிட்டார்.

அப்பா டெம்போ ஓட்டுகிறார். அம்மா காலையில் தாராவியிலிருந்து மாட்டுங்காவுக்கு நடந்துபோய்ச் சமைத்துவிட்டு வருவாள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய ஆள் அதுவரை இல்லாததால் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் யோசனை கேட்கப் போனார்கள்.

அப்பா கேட்டது ஊர்ச் சங்கத்து அண்ணாச்சியிடம். தாராவியில் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்களுக்கு ஊர் ஊராகச் சங்கம் உண்டு. பொங்கலுக்கு மேடை போட்டு, மார்க் வாங்கிய பிள்ளைகளுக்குத் துண்டு போர்த்தி போட்டோ எடுப்பார்கள். பத்தாவது மார்க்குக்கு எனக்குத் துண்டு போர்த்தியவர் அண்ணாச்சிதான். அவர் யோசிக்கவே இல்லை.

"காலேஜி வேற, யுனிவர்சிட்டி வேறவே. நம்ம புள்ள யுனிவர்சிட்டியில படிக்குன்னா ஊர்லயே ஒமக்கு ஒரு மருவாதி. வேலை அந்த யுனிவர்சிட்டிக்காரனே வாங்கிக் குடுத்துருவான். நான் பேசி பீஸையும் கொறைக்கச் சொல்லுதேன்."

சேர்த்துவிடும் தலைக்கு இவ்வளவு என்று அண்ணாச்சிக்கு அங்கே கமிஷன் இருந்தது. இது எங்களுக்குத் தெரிந்தபோது நான் மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். திருநெல்வேலிக்காரர் திருநெல்வேலிக்காரருக்கே அல்வா கொடுத்திருக்கிறார் என்று அம்மா சொன்னாள். அப்பா அதற்குச் சிரிக்கவில்லை.

அம்மா கேட்டது மாட்டுங்கா மாமாவிடம். பாங்கில் பெரிய உத்தியோகம் பார்த்து ரிட்டையர் ஆனவர், பாலக்காட்டுக்காரர். அவரைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். அம்மா கேட்டதும் பேப்பரை மடித்து வைத்துவிட்டு உட்காரச் சொன்னாராம். அந்தப் பல்கலைக்கழகம் ஆரம்பித்து எவ்வளவு நாளாகிறது, அங்கே ஆள் எடுக்க யார் வருகிறார்கள், படித்து முடித்தவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று எங்களில் ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றாததையெல்லாம் கேட்டார். அம்மாவுக்கு ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. பிறகு சொன்னார்.

"பி.காம் பண்ணட்டும். கூடவே டேலி, ஜிஎஸ்டியெல்லாம் கத்துண்டா எந்த ஆடிட்டர் ஆபீஸ்லயும் எடுத்துப்பா. புதுசா மொளைச்ச யுனிவர்சிட்டில கொண்டுபோய்ப் போட்டா அந்தப் பணம் திரும்பி வராது."

இதோடு அவர் நிறுத்தியிருந்தால் என் கதை வேறு. காபி டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு, சாதாரணமாக, அம்மாவுக்கு நல்லது சொல்லும் குரலிலேயே இன்னொன்றையும் சொன்னார்.

"உங்களவாளுக்கு எதுக்கு இஞ்சினீயரிங்கெல்லாம்?"

அம்மா வீட்டுக்கு வந்து அவர் சொன்ன நல்ல புத்திமதி முழுவதையும் ஒரு வரியில் சொன்னாள். கடைசி வாக்கியத்தை மட்டும் அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினாள். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறிவிட்டு எழுந்தார்.

"ஒங்களவான்னா யாரு? தாராவிக்காரனா, இல்ல வேற எதுவுமா? அந்த ஆளு வேண்டாம்னு சொல்லுதாருன்னா அது நமக்கு வேணும். நாளைக்கே போயி பணத்தக் கட்டுதேன்."

எனக்கும் உடம்பெல்லாம் எரிந்தது. சரியான யோசனை வரக்கூடாத வாயிலிருந்து வந்தது. தப்பான யோசனையோ எங்கள் பாஷையில், எங்கள் சங்கத்து மேடையிலிருந்து வந்தது. நாங்கள் யோசனையை நிறுக்கவில்லை, சொன்ன ஆளை நிறுத்துப் பார்த்தோம்.

பணத்துக்கு மேல்ரூம் போனது. எங்கள் வீடு கீழே ஒரு அறை, மேலே ஒரு அறை. வெளியே செங்குத்தாக ஒரு இரும்பு ஏணி. மேலே இருக்கும் அறையை அப்பா ஒவ்வொரு தீபாவளி போனஸிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினார். ஒரு போனஸில் இரும்புச் சட்டம், இன்னொன்றில் சிமெண்ட் ஷீட், அடுத்ததில் தரைக்கு லாதி என்கிற கல். நான் பன்னிரண்டாவதுக்குப் படித்ததெல்லாம் அங்கேதான். அதை அப்பா ஹெவி டெபாசிட்டுக்கு விட்டார். மும்பையில் அப்படி ஒரு வழக்கம் இருக்கிறது. குடிவருகிறவர் ஒரு பெரிய தொகையை மொத்தமாகக் கையில் கொடுத்துவிடுவார், மாத வாடகை கிடையாது. காலி செய்யும்போது அந்தத் தொகையை அப்படியே திருப்பித் தர வேண்டும். தர முடியாதவரை ரூம் அவர்கள் கையில்தான். வந்தது ஒரு உத்தரப் பிரதேசத்துக் குடும்பம். அவர் பேக்கரியில் வேலை பார்த்தார். மனைவி, பள்ளிக்கூடம் போகும் ஒரு பெண். நல்ல மனிதர்கள். அவர்கள் கொடுத்த தொகை செம்பூர் ஆபீஸுக்கு நேராகப் போனது.

"நாலு வருஷந்தானட்டி," என்றார் அப்பா. "நீ வேலைக்குப் போயிட்டன்னா ஒரே வருஷத்துல அவங்களுக்குத் திருப்பிக் குடுத்துட்டு ரூமை எடுத்துரலாம்."

அந்த நாலு வருஷமும் நாங்கள் நாலு பேரும் கீழ் அறையில் இருந்தோம். அப்பா கால் நீட்டினால் சமையல் மேடைக்கு அடியில் சிலிண்டரில் இடிக்கும். தம்பி படிக்க வேண்டுமென்றால் அம்மா வெளியே போய் உட்கார வேண்டும்.

முதல் நாள் குர்லாவிலிருந்து ரயில் ஏறிப் பன்வெலில் இறங்கி ஷேர் ஆட்டோவுக்கு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவன் திரும்பினான். மாட்டுங்கா மாமாவின் பேரன். அவன் பழைய புத்தகங்களைத்தான் நான் பத்தாவது வரை படித்திருந்தேன்.

"அரே, தூ பீ இதர்?" என்றான், நீயும் இங்கேயா என்று சந்தோஷமாக. தமிழில் பேச அவனுக்கு வராது.

அம்மாவிடம் மாமா எங்களுக்கு எதற்கு இஞ்சினீயரிங் என்று கேட்டதற்கு முந்தின வாரமே பேரனுக்கு அதே இடத்தில், அதே படிப்புக்கு முழுப் பணமும் கட்டியாகிவிட்டது. அவனிடம் கேட்டதில் அவனே சொன்னான். ஒரு வருஷம் வீட்டிலிருந்து திரும்பப் பரீட்சை எழுதியும் எங்கேயும் கிடைக்கவில்லை, அதனால் தாத்தா இங்கே போட்டார் என்றான். சாயங்காலம் வீட்டில் இதைச் சொன்னதும் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அவிய பேரனுக்கு ஆகும், எம் மவளுக்கு ஆகாதா?"

அப்பாவுக்கு ஆனால் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா, பாங்குக்காரரு, எல்லாந் தெரிஞ்சவரு, அவரே அங்கதான் கொண்டு போட்டிருக்காரு. அப்ப அது நல்ல எடந்தான். நம்மள வரவிடாம பண்ணத்தான் அப்படிச் சொல்லியிருக்காரு." நான்கு வருஷத்தில் எனக்குச் சந்தேகம் வந்தபோதெல்லாம் அப்பா இதைத்தான் சொன்னார். பேரன் அங்கே படிப்பதே எங்களுக்கு நற்சான்றிதழாக இருந்தது.

பல்கலைக்கழகத்தில் கட்டடம் ஒன்றுதான். மாடிக்கு மாடி ஒரு துறைக்குப் போர்டு மாட்டியிருந்தார்கள். வேந்தர் கட்டடம் கட்டி விற்கிறவர். வரவேற்பறையில் அவர் படம் இருந்த அளவுக்கு லைப்ரரி பெரிதாக இல்லை. வாத்தியார்கள் செமஸ்டர் பாதியில் வேறு வேலை கிடைத்துப் போய்விடுவார்கள். அவர்கள் போனால், போன வருஷம் அங்கேயே படித்து முடித்த யாராவது ஒரு அக்கா வந்து எங்களுக்குப் பாடம் எடுப்பாள். வேலை கிடைக்காதவர்களை இப்படி வைத்துக்கொண்டு, வேலை கிடைத்தவர்கள் கணக்கில் அவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். கட்டணம் என்று செம்பூரில் சொன்னது போக, பரீட்சைக்குத் தனி, பஸ்ஸுக்குத் தனி, பிளேசருக்குத் தனி. மும்பை வெயிலில் பிளேசர். அதை வாங்கியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் வேலைக்கு ஆள் எடுக்கும் நாளன்று உள்ளே விடமாட்டார்கள்.

நான் படித்தேன். அதில் குறை வைக்கவில்லை. எல்லா செமஸ்டரிலும் வகுப்பில் முதலிடம் நான்தான். பேரன் பாதி நாள் வரமாட்டான். பரீட்சை நெருங்கினால் அவன் பாட்டி அம்மாவிடம் என் நோட்ஸைக் கேட்பாள். அம்மா சமைக்கப் போகும்போது எடுத்துப்போய் ஜெராக்ஸ் எடுத்த பிறகு திரும்பக் கொண்டுவருவாள். உன் பெண் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று மாமி சொன்னதை அம்மா பெருமையாக வந்து சொல்வாள். எனக்கு அந்த நேரம் கோபம் வரும். ஆனாலும் நோட்ஸைக் கொடுத்தனுப்புவேன்.

கடைசி வருஷம் பிளேசரைப் போட்டுக்கொண்டு நின்றோம். எங்களை எடுக்க வந்த கம்பெனிகளில் பாதி, லோன் வேண்டுமா என்று வீட்டுக்கு வீடு போன் செய்கிற கம்பெனிகள். மீதி, இன்ஷ்யூரன்ஸ் விற்கச் சொன்னவை. சம்பளத்தைக் கேட்டுவிட்டு அப்பா, "எங்க டெம்போ கிளீனருக்கு இதைவிடக் கூடக் கெடைக்கு" என்றார். சரி, வெளியே தேடுவோம் என்று இறங்கினேன். கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து பெரிய கம்பெனிகளுக்கு விண்ணப்பம் போடுவேன். பெயர், பிறந்த தேதி எல்லாம் நிரப்பிய பிறகு எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்டு ஒரு வரிசை கீழே இறங்கும். நாட்டில் இருக்கிற பல்கலைக்கழகம் எல்லாம் அதில் இருக்கும், என்னுடையது இருக்காது. கடைசியில் 'இதர' என்று ஒன்று இருக்கும். அதை அழுத்துவேன். அதை அழுத்திய இடத்திலிருந்து எனக்கு ஒரு அழைப்புகூட வந்ததில்லை. நேரில் கூப்பிட்ட ஓரிரண்டு சின்ன இடங்களில் முதல் கேள்வியே, அது எங்கே இருக்கிறது என்பதுதான். பன்வெலுக்கு அந்தப் பக்கம் என்று வழி சொல்லிவிட்டு வருவேன்.

பேரனுக்கு வேலை கிடைத்தது. வெளிநாட்டுக் கம்பெனி, பெங்களூரில். அவன் அத்தையின் கணவர் அங்கே பெரிய பதவியில் இருக்கிறார். இதை அவன் மறைக்கவெல்லாம் இல்லை. "அத்திம்பேர்தான் உள்ளே சொன்னார், இல்லாட்டி என்னை யார் எடுப்பா" என்று இந்தியில் சிரித்துக்கொண்டே சொன்னான். அவனிடம் யாரும் பல்கலைக்கழகத்துக்கு வழி கேட்கவில்லை. அவன் மேல் எனக்குக் கோபமே வரவில்லை என்று பெருந்தன்மையாக எழுத ஆசைதான். வந்தது. இப்போதும் இருக்கிறது. ஒரே வகுப்பு, ஒரே வாத்தியார், ஒரே பட்டம், நோட்ஸ்கூட ஒரே நோட்ஸ். அவனுக்கு அந்தப் பட்டம் ஒரு சம்பிரதாயம். கையில் ஏதோ ஒன்று இருக்க வேண்டும், மற்றதை அத்திம்பேர் பார்த்துக்கொள்வார். எனக்கு அந்தப் பட்டத்தைத் தவிர வேறு யாரும் இல்லை. தனியாக நின்று ஒரு கதவைத் திறக்கிற தெம்பு அதற்கு இல்லை என்பது பணம் முழுவதும் கட்டி முடித்த பிறகுதான் தெரிந்தது.

ஒரு வருஷத்துக்கும் மேல் சும்மா இருந்தேன். அம்மா ஒருநாள் என்னிடம் சொல்லாமலே மாமாவிடம் கேட்டுவிட்டாள். மாமா அன்றைக்கே போன் செய்து, தாதரில் தனக்குத் தெரிந்த ஒரு ஆடிட்டர் ஆபீஸில் எனக்கு இடம் வாங்கிக் கொடுத்தார். "அப்பவே சொன்னேனோல்லியோ" என்று மட்டும் அம்மாவிடம் சொன்னாராம். அந்த ஆபீஸில்தான் இன்றைக்கும் வேலை பார்க்கிறேன். எனக்கு டேலியும் ஜிஎஸ்டியும் சொல்லிக் கொடுத்தவள் மாட்டுங்கா கல்லூரியில் பி.காம் படித்தவள், என் வயதுதான், எனக்கு இரண்டு வருஷத்துக்கு மேல் சீனியர். மாமா சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பாகவில்லை. அவர் சொன்னது சரி என்பதற்காக அவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. வேலை வாங்கிக் கொடுத்ததற்கு நன்றி சொல்லப் போனபோது அவர் வீட்டு சோபாவில் உட்காரச் சொன்னார், நான் நின்றுகொண்டே சொல்லிவிட்டு வந்தேன்.

மேல்ரூம் அந்த உத்தரப் பிரதேசத்துக் குடும்பத்திடமே இருந்தது. என் சம்பளத்தில் வீட்டுச் செலவு போகத் தம்பி படிப்புக்குத்தான் சரியாக இருந்தது. டெபாசிட்டைத் திருப்புவது பற்றி அப்பா பேசுவதை நிறுத்தியிருந்தார். குடியிருந்தவர்களும் கேட்கவில்லை.

இந்த வருஷம் மே மாதத்தில் மேல்ரூம் அம்மாள் மகளைக் கூட்டிக்கொண்டு ஏணி இறங்கி வந்தாள். அந்தப் பெண் பன்னிரண்டாவது முடித்திருந்தாள். கையில் பளபளவென்று ஒரு புத்தகம், அட்டையில் நான் படித்த அதே கட்டடம். "பேட்டி, நீ அங்கேதானே படித்தாய், எப்படி என்று நீதான் சொல்ல வேண்டும்" என்று இந்தியில் கேட்டாள்.

எனக்கு எவ்வளவு ஜாக்கிரதையாகப் பேச வேண்டும் என்று தெரியும். உங்களுக்கு எதற்கு என்கிற பேச்சின் சாயல்கூட வராமல் பார்த்துக்கொண்டேன். உன் பெண் கெட்டிக்காரி, இஞ்சினீயரிங்கே படிக்கட்டும், ஆனால் இந்த இடம் வேண்டாம், இன்னொரு முறை நுழைவுத் தேர்வு எழுதட்டும் என்றேன். பாதியில் போகும் வாத்தியார்கள், லோன் கம்பெனி, 'இதர' எல்லாவற்றையும் சொன்னேன். நான் இப்போது என்ன வேலை பார்க்கிறேன் என்பதையும் சொன்னேன். என் வாழ்க்கையில் அதற்கு முன்னால் யாரிடமும் அவ்வளவு வெளிப்படையாக அதைச் சொன்னதில்லை.

அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு புத்தகத்தைப் பிரித்து நடுப்பக்கத்தைக் காட்டினாள். பக்கம் முழுக்கப் பேரன் படம். பெங்களூர் ஆபீஸ் வாசலில் கழுத்தில் அட்டை தொங்க நிற்கிறான்.

"இந்தப் பையன் உங்க ஆளுங்கதானே? உனக்குத் தெரியுமா?"

"தெரியும். என் கிளாஸ்தான்."

"இவனுக்கு ஆச்சே," என்றாள். குத்திக்காட்டவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "பிறகு உனக்கு ஏன் ஆகல?"

அத்தை, அத்தையின் கணவர் எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல என் காதுக்கே அது வயிற்றெரிச்சல் பிடித்தவள் பேச்சாகக் கேட்டது. மகள் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோற்றுப்போன ஆளிடம் வழி கேட்க வந்துவிட்டோம் என்று அவளுக்குச் சங்கடமாக இருந்திருக்க வேண்டும். அம்மாள் என் தோளைத் தட்டிவிட்டு, எல்லாம் அவரவர் நசீப், தலையெழுத்து என்றாள். பிறகு அப்பா இருக்கிறாரா என்று கேட்டாள். மகளைச் சேர்க்க வேண்டும், மாசக் கடைசிக்குள் டெபாசிட் திரும்ப வேண்டும், அவர்கள் நாலசோபாராவில் உறவுக்காரர் வீட்டில் போய் இருந்துகொள்வார்கள்.

"நீ வேண்டாம் வேண்டாம்னு சொன்னேல்ல, அதான் வீம்புக்குச் சேக்காவ," என்றாள் அம்மா அவர்கள் போன பிறகு. அந்த வீம்பைப் பற்றி எங்கள் வீட்டில் யாருக்கும் யாரும் விளக்க வேண்டியதில்லை.

அப்பாவுக்கு இருந்தது ஒரே வழி. பழைய ஆளின் டெபாசிட்டோடு, என் பஸ்ஸுக்கும் பரீட்சைக்கும் வாங்கிய கடனையும் ஏஜெண்ட் கமிஷனையும் கொடுக்க, அதைவிடப் பெரிய டெபாசிட்டாகப் புது ஆளைப் பிடிக்க வேண்டும். ஏஜெண்ட் ஒரு துணி வியாபாரியைக் கூட்டிவந்தான். அவர் ரூமைப் பார்த்தார், ஏணியை ஆட்டிப் பார்த்தார், அவ்வளவு தொகையை நம்பி எப்படிக் கொடுப்பது என்று தயங்கினார். இப்படிக் கொடுத்துவிட்டு ஏமாந்த ஆட்களை அவருக்குத் தெரியுமாம். ஏஜெண்ட் குரலைத் தாழ்த்தி, "சேட், படிச்ச குடும்பம். பொண்ணு பி.டெக் இஞ்சினீயர், யுனிவர்சிட்டியில முதல் ரேங்க்" என்றான்.

அப்பா என் பக்கம் திரும்பினார். "ஏட்டி, அந்தச் சர்ட்டிபிகேட்ட எடுத்துட்டு வா."

எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தேன். துணி வியாபாரி வாசல் வெளிச்சத்துக்குப் போய் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். தங்கக் கலர் முத்திரையை விரலால் தடவினார். வேந்தரின் கையெழுத்தைப் பார்த்தார். எந்தக் கம்பெனியிலும் யாரும் அதை அவ்வளவு நேரம் கையில் வைத்துப் பார்த்ததில்லை. அது எங்கே இருக்கிறது என்று அவர் கேட்கவும் இல்லை. இஞ்சினீயர் வீடு என்றால் பயமில்லை என்று சொல்லி அங்கேயே முன்பணத்தைக் கொடுத்தார்.

மேல்ரூம் அம்மாளுக்குச் சேர வேண்டியதை அப்பா மாசக் கடைசிக்கு முன்னாலேயே கொடுத்துவிட்டார். அவர்கள் மறுநாளே மகளைக் கூட்டிக்கொண்டு செம்பூர் ஆபீஸுக்குப் போனார்கள். புதிய தொகை பழையதைவிட எவ்வளவோ பெரிது, இனி அந்த அறையை எங்களால் மீட்க முடியாது. அது அப்பாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் சர்ட்டிபிகேட்டைத் துண்டால் துடைத்து என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"பாத்தியாட்டி," என்றார். "படிச்ச படிப்பு வீணாப் போகல."